மூழ்கிய பொருள்

டுலூத்தில் பிப்ரவரி.
ஏரி உறைந்துவிட்டது. இரும்புத்தாதுக் கப்பல்கள்
கட்டிப்போட்ட மாடுகளாய்த் துறையில் நின்றன.
ஆர்வோ லேட்டினனின் அடகுக்கடையில்
ஹீட்டர் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவள் நான்.
இரவு ஷிஃப்ட் முடிந்து, பூட்ஸில் ஈரம் காயாமல்
நாலு வாரமாக வந்து பார்த்துவிட்டுப் போகிறேன்:
துளைபோடும் மிஷின்களுக்கும்
யார் யாருடையவோ கல்யாண மோதிரங்களுக்கும் மேலே
ஆணியில் கழுத்து மாட்டித் தொங்கும் கிதாரை.
சீட்டில் முந்நூற்று நாற்பது டாலர்.

ஆசையைக் காட்டினால் விலை ஏறும்.
அதனால் முதலில் ஒரு சங்கிலி ரம்பத்தை விசாரித்தேன்.
பிறகு ஒரு தூண்டிலை.
பிறகு, போகிற போக்கில்,
"அதையும் கொஞ்சம் எடுங்களேன்."

கைக்கு வந்ததும் கனமே சொல்லிவிட்டது.
மேற்பலகை ஒட்டுப்பலகை இல்லை, அசல் ஸ்ப்ரூஸ்,
வாய் விளிம்பில் மரத்தின் ரேகை
மடங்கி அப்படியே உள்ளே இறங்குகிறது.
முதுகு ஈட்டி மரம்.
பல் டாக்டர்கள் வைத்திருக்கும் சின்னக் கண்ணாடி
என் கோட்டுப் பையில் எப்போதும் உண்டு.
உள்ளே விட்டுப் பார்த்தேன்,
குறுக்குச் சட்டம் ஒன்றுகூடப் பிடி விடவில்லை.
ஒரு கண்ணை மூடிக் கழுத்தின் நேர் பார்த்தேன்.
பன்னிரண்டாம் கட்டில் விரல்நுனி தொட்டு எடுக்க
ஒரு மணிச்சத்தம் எழுந்து
மோதிரங்களின் மேல் போய் உட்கார்ந்தது.
புதிதாக வாங்கினால் இரண்டாயிரம்.
முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டேன்.

கம்பிகள் முடியும் இடத்துக்குக் கீழே
மயிரிழையாய் ஒரு கோடு.
குளிரில் வார்னிஷ் வெடித்தது, அவ்வளவே.
மரத்துக்கு ஒன்றுமில்லை. எனக்குத் தெரியும்.
"விரிசல்" என்றேன்.

ஆர்வோ கடித்த ரொட்டியைக் கீழே வைத்தார்.
முந்நூறு, என்றார்.
இருநூற்று இருபது, என்றேன்.
இருநூற்று எண்பது.
கதவு வரை போய், கையுறை மாட்டி,
ஒரு கையுறை மறுபடி கழற்றி
திரும்பி வந்தேன்.
இருநூற்று அறுபது, பெட்டியோடு சேர்த்து.
அடிமாட்டு விலை.

நோட்டுகளை எண்ணிக்கொண்டே சொன்னார்:
"அது விரிசல் இல்லை. எனக்கும் தெரியும்.
பிப்ரவரியில் கிதாருக்கு யாரம்மா வருகிறார்கள்?"

வீட்டில், பெட்டியின் உள்ளறையில்
பிக் ஏதாவது கிடக்குமென்று கையை விட்டேன்.
ரப்பர் வளையம் போட்ட ரசீதுக் கட்டு.
ட்வைலா ஓஸ்ட்பி, வட்டி இருபத்தொன்று.
ட்வைலா ஓஸ்ட்பி, வட்டி இருபத்தொன்று.
ஏரி உடைந்த மாதம், மீன் ஏறும் மாதம்,
சம்மர் லீவு, முதல் பனி,
ஒரு மாதம் தவறாமல் பன்னிரண்டு சீட்டு.
பதின்மூன்றாவதில் ஒன்பதே டாலர்.
பக்கத்தில் நீல மையில்: பாக்கி பன்னிரண்டு.
அதற்குப் பிறகு சீட்டு இல்லை.
மூழ்கிப் போயிருக்கிறது.
இந்த ஏரிக்கரையில் அந்தச் சொல்லை
யாரும் சும்மா சொல்வதில்லை.

கூட்டிப் பார்த்தேன்.
கூட்டாமல் இருந்திருக்கலாம்.
இருநூற்று அறுபத்தொன்று.
நான் கொடுத்ததைவிட ஒரு டாலர் அதிகம்,
அதுவும் வெறும் வட்டி.

தங்கை புருஷன் கோர்டன் விலையைக் கேட்டு விசிலடித்தான்.
வண்டி ஷெட்டில் எல்லோருக்கும் சொல்லியாயிற்று.
பனிக்காலத்தில் மரம் வறண்டுவிடும் என்று
நனைத்த பஞ்சைச் சோப்பு டப்பாவில் ஓட்டைபோட்டு
பெட்டிக்குள் வைத்தேன். கம்பி மாற்றினேன்.
அபாரமான நாதம், அதில் பொய் சொல்ல மாட்டேன்.
தாழ்ந்த கம்பியைத் தட்டினால்
ஜன்னல் கண்ணாடி திரும்பிப் பேசுகிறது.

ரசீதுகளை எடுத்த இடத்திலேயே போட்டிருக்கிறேன்.
என் ரசீதும் அதோடுதான் இருக்கிறது.

டெலிபோன் புத்தகத்தில் மூன்று ஓஸ்ட்பிகள்.
பார்த்தேன்.
பார்த்ததோடு சரி.